படத்தில் இருப்பவர் பெயர் என்ன?

தலைக்கயிற்றில் கூடையைத் தொங்கவிட்டு, இடையில் படங்கு கட்டி, பச்சைச் செடிகளின் நடுவே சிரித்து நிற்கும் பெண்ணை உலகம் நன்கு அறியும். தேயிலைப் பெட்டியின் மேற்புறத்தில் அவள் இருக்கிறாள், அஞ்சலட்டையில் இருக்கிறாள், உல்லாசப் பயணிகளை அழைக்கும் விளம்பரங்களில் இருக்கிறாள். நூறாண்டுகளுக்கு மேலாக அவள் முகத்தைக் காட்டி விற்கப்பட்ட தேயிலைக்கு அளவில்லை. ஆயினும் அவள் பெயர் என்ன என்று கேட்டால், பெட்டியும் பேசாது, அட்டையும் பேசாது.

இக்கேள்வியை நாம் இன்று எழுப்புவதற்குக் காரணம் உண்டு. புகைப்படங்களைத் திரட்டிப் பேணி, அவற்றுக்கு விளக்கக் குறிப்பு எழுதி, மக்கள் முன் காட்சிக்கு வைக்கும் காப்பாளர்களுக்கென நல்கைகள் வழங்குவது பெருநகரங்களில் வழக்கமாகிவிட்டது. நியூயோர்க்கின் நவீன கலை நூதனசாலை 1940 ஆம் ஆண்டிலேயே புகைப்படத்துக்கெனத் தனிப் பிரிவு கண்டது. அப்பிரிவின் முதற் காப்பாளரான போமண்ட் நியூஹோல், அவர் மனைவி நான்சி நியூஹோல் ஆகிய இருவர் பெயரிலும் அங்கே ஒரு காப்பாளர் நல்கை உண்டு. இலண்டனின் விக்டோரியா அல்பேர்ட் நூதனசாலை ஏறத்தாழ 8,00,000 புகைப்படங்களைத் தன்னகத்தே வைத்திருக்கிறது; 2018 இல் அவற்றுக்கெனத் தனி மையமொன்றைத் திறந்தது. இளம் அறிஞர் ஒருவருக்கு ஓராண்டோ ஈராண்டோ சம்பளம் கொடுத்து, 'இந்தப் பெட்டிகளைத் திற, இந்தப் படங்களைப் படி, இவை எவை என்று எழுது' என்று பணிப்பதே இத்தகைய நல்கையின் சாரம். நம் நாட்டிலும் 2019 இல் கொழும்பிலே நவீன, சமகாலக் கலை நூதனசாலை தொடங்கப்பட்டது. அது தன் காட்சிகளை மூன்று மொழிகளிலும் நடத்துவது பாராட்டுக்குரியது.

இவையெல்லாம் மேட்டுக்குடியினரின் பொழுதுபோக்கு, நமக்கென்ன என்று முகந்திருப்பிக்கொள்ளும் தோழர்கள் நம்மிடையே உண்டு. அவர்களோடுதான் நாம் முதலில் வாதாட விரும்புகிறோம். படத்தின் கீழே எழுதப்படும் ஒரு வரி சிறிய காரியம் அன்று. பார்ப்பவன் எதைக் காண வேண்டும், எதைக் காணாமல் விட வேண்டும் என்று தீர்மானிப்பது அந்த வரியே. அதை எழுதும் உரிமை ஓர் அதிகாரம். ஊவா மாகாணத்துத் தோட்ட மக்களைப் பொறுத்தவரை அந்த அதிகாரம் ஒருநாளும் அவர்கள் கையில் இருந்ததில்லை. ஆகவே நாம் சொல்ல வந்தது இதுதான்: புகைப்படக் காப்பாளர் நல்கை பதுளைக்கு வர வேண்டும், தோட்டத்துப் பிள்ளைகளின் கைக்கு வர வேண்டும், எத்தனை முகங்களுக்குப் பெயர் மீண்டது என்பதைக் கொண்டே அதன் பயன் அளக்கப்பட வேண்டும்.

வரலாற்றைச் சற்றுப் புரட்டுவோம். ஆங்கிலப் புகைப்படக் கலையின் தலைமகளென்று போற்றப்படும் ஜூலியா மார்கரெட் கமரன் 1875 இல் இலங்கைக்கு வந்து குடியேறினார். அவருடைய கணவர் சார்ள்ஸ் ஹே கமரன் வேறு யாருமல்லர். கோல்புரூக் – கமரன் ஆணைக்குழு என்று நம் மாணவர்கள் பாடப்புத்தகத்தில் படிக்கிறார்களே, அந்தக் கமரனேதான். இராஜகாரிய முறையை ஒழித்து, கூலி உழைப்புக்குச் சந்தையைத் திறந்துவிட்ட 1830 களின் சீர்திருத்தங்களில் கையொப்பமிட்டவர். பின்னர் இங்கே விரிந்த கோப்பி நிலங்களுக்கு உடைமையாளரானவர். கணவர் உழைப்பின் சந்தைக்கு விதி வகுத்தார். மனைவி உழைப்பவரின் உருவத்தைக் கண்ணாடித் தகட்டில் பிடித்தார். இரண்டும் ஒரே குடும்பத்தின் காரியங்களாக அமைந்தது வரலாற்றின் குறும்பு.

களுத்துறையில் அவ்வம்மையார் எடுத்த படங்களுள் சிலவே எஞ்சியுள்ளன. அவரைக் காண வந்த ஓவியர் மரியன் நோர்த்தையும் அவர் படம் பிடித்தார். அப்படம் மரியன் நோர்த் என்ற பெயரோடு இன்றும் பேணப்படுகிறது. உழைப்பாளிகளின் படமோ 'களுத்துறைக் குடியானவர் கூட்டம்' என்ற பொதுப்பெயரோடு நிற்கிறது. ஒரு மனிதனின் முதுகழகில் மயங்கிய கமரன் அம்மையார், தோட்டமே இல்லாத வீட்டில் அவனைத் தோட்டக்காரனாக அமர்த்தும்படி மகனை வற்புறுத்தினார் என்று மரியன் நோர்த் தம் நினைவுகளில் எழுதி வைத்திருக்கிறார். முதுகு குறிப்பில் ஏறியது, பெயர் ஏறவில்லை. அக்காலத்து ஈரத் தகட்டு முறையில் படம் பதிவதற்குப் பல வினாடிகள், சிலவேளை நிமிடங்களும் பிடிக்கும். அதுவரை அசையாமல் நிற்க வேண்டும். அசையாதே என்று சொல்ல ஒருவருக்கும், அசையாமல் நிற்க மற்றொருவருக்கும் விதிக்கப்பட்டிருந்த காலத்தின் கலை அது. அம்மையார் 1879 இல் டிக்கோயாப் பகுதியில் காலமாகிப் பொகவந்தலாவைத் தேவாலயத்தில் அடக்கமானார். அவர் கல்லறையைத் தேடிச் செல்வோர் இன்றும் உண்டு. அவர் படத்தில் நின்றவர்களின் புதைகுழியை யார் தேடுவார்?

அடுத்துச் சொல்ல வேண்டியவை வியாபார நிலையங்கள். ஸ்கீன் கம்பனியும் ஸ்கோவன் கம்பனியும் 1890 இல் தொடங்கிய பிளாட்டே கம்பனியும் தோட்டக் காட்சிகளைப் பிடித்து விற்றன. 'தமிழ்ப் பெண்', 'தேயிலை கொய்வோர்', 'தமிழ்க் கூலிகள்' என்பனவே அவற்றின் தலைப்புகள். தோமஸ் லிப்டன் 1890 இல் அப்புத்தளைப் பகுதியிலே தோட்டங்களை வாங்கி, தோட்டத்திலிருந்து நேரே தேநீர்க் கெண்டிக்கு என்று விளம்பரம் செய்தபோது, அவ்விளம்பரத்துக்கும் கொழுந்துப் பெண்ணின் உருவமே மூலதனமாயிற்று. 1907 இல் இலண்டனில் ஆர்னோல்ட் ரைட் பதிப்பித்த, இலங்கை பற்றிய பெரும் படநூலைப் பாருங்கள். தோட்டத்தின் பெயர் உண்டு, ஏக்கர்க் கணக்கு உண்டு, துரையின் பெயரும் பூர்வீகமும் உண்டு, பங்களாவின் முகப்பும் உண்டு. அந்த ஏக்கர்களைக் காடழித்துக் கவ்வாத்து வெட்டிக் காப்பாற்றியவர்களோ 'கூலிகள்' என்ற ஒரே சொல்லுக்குள் அடக்கம். 1934 இல் பசில் ரைட் இயக்கிய 'சிலோன் கீதம்' என்னும் புகழ்பெற்ற படமும் தேயிலைப் பிரசார சபையின் பணத்தில் பிறந்ததே. நம் நாட்டின் சிறந்த புகைப்படக் கலைஞரான லயனல் வென்ட் அதற்குக் குரல் கொடுத்தார். கலை உயர்ந்ததுதான், மறுக்கவில்லை. பணம் கொடுத்தவன் யார் என்பதையும் மறக்கவில்லை.

பெயர் தெரியாமற் போனது காலத்தின் கோளாறு என்று சிலர் சமாதானம் கூறலாம். அதுதான் பெரும் பொய். பிரட்டுக்களத்தில் அன்றாடம் பெயர் கூப்பிட்டார்கள். செக்ரோலில் ஒவ்வோர் ஆளின் பெயரும் எழுதப்பட்டது. அரைப்பேரா முழுப்பேரா என்று கணக்கு நின்றது. 1901 ஆம் ஆண்டளவில் வந்த தகரத்துண்டு முறையில், தோட்டத்தையும் ஆளையும் குறிக்கும் இலக்கம் பொறித்த தகடு கழுத்தில் தொங்கியது. 1921 இல் ஒழிக்கப்படும்வரை 'துண்டு' என்ற கடன்சீட்டில் அவருடைய கடன் காசு காசாகப் பதியப்பட்டது. கடன் வசூலிக்கும்போது பெயர் தெரிந்தது. ஓடியவனைப் பிடிக்கும்போது பெயர் தெரிந்தது. சம்பளத்தில் வெட்டும்போது பெயர் தெரிந்தது. படத்தின் கீழே எழுதும்போது மட்டும் பெயர் தெரியாமற் போயிற்றாம்! இதை மறதி என்று நாம் அழைக்க முடியாது. ஒரு முறைமையின் ஒழுங்கு இது.

பதுளை நகரத்திலேயே இந்த ஒழுங்குக்குக் கல்லில் சான்று உண்டு. புனித மார்க் தேவாலயம், 1845 இல் அப்புத்தளையில் இடி விழுந்து மாண்ட மேஜர் ரோஜர்ஸ் என்பவரின் நினைவாக எழுந்தது. ஆயிரத்துக்கும் மேற்பட்ட யானைகளைச் சுட்டவர் என்ற கீர்த்தி அவருக்கு உண்டு. யானை சுட்டவருக்குத் தேவாலயம் நிற்கிறது. அதே மலைகளுக்குப் பாதை வெட்டியவனுக்கும், 1924 இல் பதுளைவரை வந்து சேர்ந்த புகையிரதப் பாதைக்குக் கல் சுமந்தவனுக்கும் ஒரு வரி கிடையாது. தெமோதரையின் ஒன்பது வளைவுப் பாலத்தைப் படம் பிடிக்க இன்று உலகமே வருகிறது. கல் சுமந்தவர்கள் அந்தப் படத்திலும் இல்லை.

தோட்ட மக்களைப் பிடித்த படங்களில் இரண்டாம் வகையொன்றும் உண்டு. அதைப் பற்றிக் கலை வரலாறு பேசுவதில்லை. அதுதான் கடவுச்சீட்டுப் படம். 1948 ஆம் ஆண்டின் 18 ஆம் இலக்கக் குடியுரிமைச் சட்டம் மலையக மக்களை நாடற்றவராக்கியது. 1949 ஆம் ஆண்டின் 3 ஆம் இலக்கச் சட்டமோ, திருமணமானவர் ஏழாண்டும் மற்றவர் பத்தாண்டும் இடைவிடாது இங்கே வாழ்ந்ததாகச் சான்று காட்டும்படி கேட்டது. ஏறத்தாழ 8,25,000 பேருக்காக விண்ணப்பங்கள் சென்றன. 1,34,000 பேரளவிலேயே ஏற்கப்பட்டனர். 1964 ஒக்டோபரில் சிறிமாவும் சாஸ்திரியும் உடன்படிக்கை செய்து, 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு என்று மனிதரைப் பங்கிட்டனர். எஞ்சிய 1,50,000 பேரைப் பிறகு பார்த்துக்கொள்வோம் என்று ஒதுக்கி, 1974 இல் பாதிக்குப் பாதி பிரித்தனர். அந்த நாளில் கடல் கடக்க வேண்டியவன் ஒருமுறை ஒளிப்படக் கருவியின் முன் நின்றே ஆக வேண்டியிருந்தது. பின்னர், 1972 முதல் வழங்கப்பட்ட தேசிய அடையாள அட்டைக்கு மற்றொரு படம். பிறப்புச் சான்றிதழ் இல்லாத காரணத்தால் அந்த அட்டையும் பெறாது பல்லாண்டு அலைந்தவர்கள் தோட்டங்களில் எத்தனை பேர்!

ஆக, நம் மக்களுக்கு வரலாறு இருவகைப் படங்களை அளித்தது. அஞ்சலட்டையில் முகம் உண்டு, பெயர் இல்லை. அரசாங்கப் பத்திரத்தில் பெயர் உண்டு. ஆயின் அந்தப் பெயர், வெளியேற்றுவதற்காக எழுதப்பட்டது. முன்னது அவர்களை விற்பதற்கு, பின்னது அவர்களை எண்ணுவதற்கு.

மூன்றாம் வகையும் ஒன்று உண்டு. அதுவே நமக்கு மிகப் பெரிய செல்வம். லயத்துக் காம்பராவின் சுவரிலே, சாமி படங்களுக்குப் பக்கத்திலே, சட்டமிட்டுத் தொங்கும் குடும்பப் படங்கள் அவை. பதுளையிலும் பண்டாரவளையிலும் பசறையிலும் இருந்த படப்பிடிப்பு நிலையங்களுக்கு, கல்யாணத்துக்கு மறுநாளோ திருவிழாச் சந்தை நாளிலோ, இருந்த ஒரே நல்ல சேலையை உடுத்திச் சென்று எடுத்துக்கொண்ட படங்கள். அங்கே யாரும் கூடை சுமக்கவில்லை. யாரும் கொழுந்து கொய்யவில்லை. நாற்காலியில் அமர்ந்து நேராகப் பார்க்கிறார்கள். தாமே விரும்பி, தம் காசு கொடுத்து, தாம் எப்படிக் காணப்பட வேண்டுமென்று தாமே தீர்மானித்த உருவம் அது. பெயரும் முகமும் ஒருங்கே நிற்கும் இடம் அது ஒன்றே. ஏனெனில் அந்த வீட்டில் எவரைக் கேட்டாலும் 'இது எங்க அப்பாயி, இது சின்னத்தா' என்று சொல்வார்கள்.

அந்தச் செல்வத்துக்கு இன்று நேரும் கதி என்ன? மலைநாட்டு ஈரத்தில் பூஞ்சணம் படத்தின் மேலுள்ள பசைப் படலத்தைத் தின்கிறது. படப்பிடிப்பு நிலையங்களில் இருந்த பழைய நெகடிவுகள், கைத்தொலைபேசி வந்தபின் குப்பைக்குப் போயின. லயத்தில் தீப்பிடித்தால் முதலில் எரிவது சுவரில் இருப்பதே. 2014 ஒக்டோபர் 29 ஆம் நாள் கொஸ்லந்தை மீரியபெத்தையில் மலை சரிந்து லயங்களை மூடியபோது, மனிதரோடு அவர்களுடைய படங்களும் புதைந்தன. 2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் பதுளை மாவட்டத்தைச் சிதைத்தபோது, மண்ணுக்குள் போன வீடுகளோடு அவ்வீடுகளின் சுவர்களும் போயின. உயிர் போனதற்கு முன் படம் போனது பெரிதா என்று கேட்பீர்கள். பெரிதன்று. ஆனால் உயிர் போனபின் அவர் முகத்தை நினைக்க அவர் வீட்டாருக்கு எஞ்சியிருக்கக்கூடியது என்ன என்று ஒருகணம் எண்ணிப் பாருங்கள்.

இனி எதிர்வாதங்களுக்கு வருவோம்.

முதலாவது, நம் தோழர்களின் வாதம். 'வீட்டுக்குக் கூரை இல்லை, காணிக்கு உறுதி இல்லை, சம்பளத்துக்காக ஆண்டாண்டாய்ப் போராட வேண்டியிருக்கிறது; இந்நிலையில் படம் எதற்கு?' இவ்வாதத்தின் நேர்மையை நாம் மதிக்கிறோம். ஆயினும் இது படத்தையும் சோற்றையும் எதிரெதிராக நிறுத்துகிறது. வரலாற்றில் அவை அப்படி நிற்கவில்லை. 1949 இன் சட்டத்தின் கீழ் இலட்சக்கணக்கானோர் தோற்றது எதனால்? 'நாங்கள் இங்கே இருந்தோம்' என்று நிறுவும் சான்றை எதிர்த்தரப்பு தன் கையில் வைத்திருந்ததனால். செக்ரோல் துரையின் அலுவலகத்தில் இருந்தது. தொழிலாளியிடம் வாய்ச்சொல்லே இருந்தது. சான்று யார் கையில் இருக்கிறதோ அவன் கையிலேயே நியாயமும் போய்ச் சேர்கிறது. காணி உரிமை கேட்கும் இன்றைய போராட்டத்திலும் இதே கேள்விதான் எழுகிறது: எத்தனை தலைமுறை இம்மண்ணில் இருந்தீர்கள் என்று காட்டுங்கள். தெமோதரையில் பாட்டன் நின்ற படம், அப்புத்தளையில் பாட்டி நின்ற படம், பெயரோடும் ஆண்டோடும் தோட்டப் பெயரோடும் இருந்தால், அது அழகுப்பொருள் மட்டுமா? அது ஓர் ஆவணம்.

இன்னொன்றும் சொல்வோம். 1940 ஜனவரியில் முல்லோயாத் தோட்டத்தில் கோவிந்தன் சுட்டுக் கொல்லப்பட்டபின், வேலைநிறுத்த அலை ஊவாவுக்குப் பரவியது. மே மாதத்தில் பதுளைக்கு அருகேயுள்ள வெவஸ்ஸத் தோட்டத் தொழிலாளர், சமசமாஜிகள் தலைமையிலான சங்கத்தின் கீழ் எழுந்து நின்று, தம் குழுவைத் துரை ஏற்க வேண்டுமென்று போராடினர். அந்தப் போராட்டத்தில் நின்றவர்களின் பேரப்பிள்ளைகள் இன்றும் அம்மலைகளில் வாழ்கிறார்கள். கூடையோடு சிரிக்கும் பெண்ணின் படம் பல்லாயிரம் பிரதி ஓடிய நாட்டில், வேலைநிறுத்தத்தில் கைகோத்து நின்றவர்களின் முகங்கள் பாடசாலைச் சுவர் எதிலும் தொங்கவில்லையானால், அடுத்த தலைமுறை தன்னை எப்படி அறிந்துகொள்ளும்? பணிந்து சிரிப்பவராகவே அறிந்துகொள்ளும். அதைத்தான் விற்பவன் விரும்புகிறான்.

இரண்டாவது வாதம் நவநாகரிகமானது. 'படங்கள் எல்லாம் கணினியில் ஏற்றப்படுகின்றன. யாரும் எங்கிருந்தும் பார்க்கலாம். பிறகு பதுளையில் எதற்குத் தனி ஏற்பாடு?' பார்க்கலாம், உண்மை. ஆனால் எந்தச் சொல்லைக் கொடுத்துத் தேடுவது? பழைய அட்டையில் இருந்த 'கூலி' என்ற சொல்லையே பட்டியலும் தூக்கி வைத்திருந்தால், தன் பாட்டியைத் தேடும் பேத்தி, 'கூலி' என்று ஆங்கிலத்தில் எழுதித் தேட வேண்டியிருக்கும். பூட்டைத் திறந்துவிட்டோம் என்கிறார்கள். சாவியாகக் கொடுத்ததோ வசைச் சொல். பட்டியலைத் திருத்த ஓர் ஆள் வேண்டும். அந்த ஆள் தமிழறிந்தவராக, தோட்டத்தை அறிந்தவராக இருக்க வேண்டும். நல்கை என்பது அந்த ஆளுக்கான சம்பளமன்றி வேறென்ன?

மூன்றாவது வாதம் தகுதி பற்றியது. 'காப்பாளர் தொழில் நுட்பமானது. அதற்கு வெளிநாட்டுப் பட்டமும் பயிற்சியும் வேண்டும். தோட்டத்துப் பிள்ளைக்கு அது கைவருமா?' இதைக் கேட்கும்போது நமக்குச் சினம் வருவதைவிடச் சிரிப்பே வருகிறது. ஈரமில்லாப் பெட்டியில் வைப்பதும், அமிலமற்ற தாளில் பொதிவதும், தகட்டைக் கைவிரல் படாமல் எடுப்பதும், ஒவ்வொன்றுக்கும் இலக்கமிட்டுப் பதிவதும் ஓராண்டில் கற்றுக்கொள்ளக்கூடிய வித்தைகள். கூடைக் கயிறு தலையில் எவ்விதம் அமர்கிறது, கறுப்புக் கம்பளி எந்தக் காலத்து வழக்கம், பின்னால் தெரிவது பழைய லயமா புதிய லயமா, மூக்குத்தியும் தண்டட்டியும் எந்த ஊரிலிருந்து வந்தவர் என்று காட்டுகின்றனவா, அந்த மலைவளைவு நமுனுகுலையா ஹாலி-எலைப் பக்கமா — இவற்றை எந்தப் பட்டம் கற்றுத் தரும்? லுணுகலைத் தோட்டமொன்றில் பிறந்து வளர்ந்த பெண், படத்தைக் கையில் எடுத்த மாத்திரத்தில் காண்பதை, தூரதேசத்து அறிஞர் ஆண்டுக்கணக்கில் ஆராய்ந்தும் காணமாட்டார். இவ்வறிவுக்குத் தகுதி என்று பெயரிட மறுப்பதும், படத்தில் இருப்பவருக்குப் பெயரிட மறுப்பதும் ஒரே மனப்பான்மையின் இரு முகங்கள்.

ஆகவே நல்கை வந்தால் மட்டும் போதாது. எப்படி வருகிறது என்பதிலும் நாம் விழிப்பாக இருக்க வேண்டும். கொழும்பிலிருந்தோ கடல் கடந்தோ ஒருவர் இரு வாரம் வந்து, தோட்டத்து விடுதியில் தங்கி, மக்களோடு உறவாடினோம் என்று அறிக்கை எழுதி, படங்களின் பிரதியை எடுத்துக்கொண்டு போவது பழைய கதையின் புதிய அத்தியாயமே. முன்பு கொழுந்து போயிற்று. இப்போது நினைவு போகிறது. இரண்டிலும் ஏற்றுமதிக்கே இலாபம்.

நாம் கேட்பது வேறு. பதுளையில் ஊவா வெல்லஸ்ஸப் பல்கலைக்கழகம் 2005 முதல் இயங்குகிறது. தேயிலைத் தொழில்நுட்பத்துக்கு அங்கே பட்டப்படிப்பு உண்டு. இலையைப் பற்றிப் படிக்க இடம் தந்த நிறுவனம், இலையைக் கொய்த கையைப் பற்றிப் படிக்கவும் ஓர் அறை தரட்டும். அங்கே ஆண்டுதோறும் இருவருக்கேனும் நல்கை கிடைக்கட்டும். ஒருவர் தோட்டப் பாடசாலைகளிலிருந்து வந்த பட்டதாரியாக இருக்கட்டும். கொழும்பு நூதனசாலையும் வெளிநாட்டு நூதனசாலைகளும் தம் பெட்டிகளில் உள்ள மலையகப் படங்களின் நல்ல பிரதிகளை அவ்வறைக்கு அளிக்கட்டும். அவர்கள் அவற்றைத் தோட்டம் தோட்டமாக எடுத்துச் சென்று, முதியோர் முன் விரித்து, கிடைக்கும் செக்ரோல்களோடும் கோயில் கணக்குகளோடும் ஒப்பிட்டு, பெயரைத் தேடட்டும். கிடைத்த பெயரைத் தமிழிலும் சிங்களத்திலும் ஆங்கிலத்திலும் எழுதட்டும்; அது மூலப் பட்டியலிலும் ஏறட்டும். எந்தக் குடும்பத்தின் படத்தைப் பிரதி செய்தாலும், அக்குடும்பத்தின் சம்மதம் முதலில். செப்பனிட்ட பிரதி ஒன்று அவர்கள் சுவருக்கு. மூலப்படம் அவர்களுக்கே உரியது. ஆண்டு முடிவில், எத்தனை கட்டுரை வெளியாயிற்று என்று கேட்க வேண்டாம். எத்தனை முகங்களுக்குப் பெயர் மீண்டது என்று கேளுங்கள்.

சமகாலத்தையும் இவ்வறை மறவாதிருக்கட்டும். இன்று தோட்டத்து இளைஞர் ஒவ்வொருவர் கையிலும் தொலைபேசி இருக்கிறது. அதில் படக்கருவி இருக்கிறது. தீமிதியையும் மறியலையும் மண்சரிவையும் அவர்களே படம் பிடிக்கிறார்கள். மலையக வரலாற்றில் முதன்முறையாகக் கருவி மக்கள் கைக்கு மாறியிருக்கிறது. ஆயின் அப்படங்கள் தொலைபேசி பழுதானதும் மறைகின்றன. லிப்டன் இருக்கைக்குச் செல்லும் பாதையில் பயணி எடுத்த படம் உலகச் சந்தைக்குப் போகிறது. அதே வேளையில் அதே மலையில் கொழுந்துக்காரியின் மகள் எடுத்த படம் அழிந்து போகிறது. சமகாலப் புகைப்படத் தொகுப்பு என்று பெருமையாகப் பேசுவோர் முதலில் சேகரிக்க வேண்டியது பின்னதையே.

இது தமிழருக்கு மட்டும் உரிய வழக்கென்று எவரும் கருத வேண்டாம். 1840 இன் முடிக்குரிய காணிச் சட்டத்தால் நிலம் இழந்த ஊவாச் சிங்களக் குடியானவனும் பழைய படங்களில் பெயரற்றே நிற்கிறான். துரையின் ஒளிப்படக் கருவி இருவரையும் ஒருவாறாகவே பார்த்தது. பெயரைத் தேடும் பணியில் இருவர் பிள்ளைகளும் ஒரே மேசையில் அமர்வது, மேடைகளில் ஒற்றுமை பேசுவதைவிடப் பயன் தரும்.

இவையெல்லாம் நடக்கக்கூடிய காரியமா என்று ஐயுறுவோருக்கு, கம்பளைக்கு அருகே 2007 இல் திறக்கப்பட்ட தேயிலைத் தோட்டத் தொழிலாளர் நூதனசாலையை நினைவூட்டுகிறோம். பழைய லயத்தையே செப்பனிட்டு, தொழிலாளர் வாழ்வின் பொருள்களை அங்கே சேர்த்துவைத்தார்கள். அரண்மனை வேண்டியிருக்கவில்லை, எண்ணம் வேண்டியிருந்தது. 2012 ஆம் ஆண்டுக் குடிசன மதிப்பீட்டின்படி ஏறத்தாழ ஒன்றரை இலட்சம் மலையகத் தமிழர் வாழ்ந்த பதுளை மாவட்டத்துக்கு, அத்தகைய எண்ணம் கூடாதா?

ஆசிரியத் தோழர்களே, நல்கை வரும்வரை கைகட்டிக் காத்திருக்க வேண்டாம். இந்தத் தவணையிலேயே வகுப்பில் சொல்லுங்கள்: வீட்டில் உள்ள பழைய படத்தைப் பெரியவர்களிடம் காட்டி, இவர் யார், எந்தத் தோட்டம், எந்த ஆண்டு, யார் எடுத்தார் என்று கேட்டு வரட்டும். படத்தைப் பாடசாலைக்குக் கொண்டுவர வேண்டியதில்லை; தொலைபேசியில் பிரதி எடுத்தாற் போதும். பெயரைப் படத்தின் பின்புறத்தில் பேனையால் அழுத்தி எழுதாமல், தனித்தாளில் எழுதிச் சேர்த்து வைக்கட்டும். எண்பதும் தொண்ணூறும் கடந்தவர்கள் இன்னும் நம்மிடையே இருக்கிறார்கள். அவர்கள் ஒவ்வொருவரும் கண்மூடும் நாளில், ஒரு பட்டியல் நிறையப் பெயர்கள் அவர்களோடு போய்விடும். அவற்றைப் பின்னர் எந்த நூதனசாலையும் எந்தப் பணம் கொடுத்தும் வாங்க முடியாது.

மாணவ நண்பர்களே, நாளை உங்களுள் ஒருவர் பதுளையில் அந்த அறையின் கதவைத் திறப்பீர்கள் என்று நாம் எதிர்பார்க்கிறோம். அன்று முதற் பெட்டியில் கிடைக்கும் அஞ்சலட்டையில் 'தமிழ்ப் பெண்' என்று எழுதியிருக்கும். அதை வெட்டிவிட்டு அவள் பெயரை எழுதுங்கள்.